மைனா வீட்டில் பாடம்

கல்லூரி வேப்பமரப் பொந்தில் ஒரு மைனா ஜோடி குடியிருந்தது. அவை குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்துப் படிக்க மாணவர்கள் மரத்தடிக்கு வருவார்கள். குஞ்சுகள் பறந்துபோனதும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நாட்களில் காய்ச்சலில் படுத்திருந்த மாணவி ரெஜினா மட்டும் ஒருநாள் தனியாக வந்து, பொந்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பெண் மைனா புழு தேடக் கிளம்பியது.

"குஞ்சுங்கதான் போயாச்சே, யாருக்கு?" என்றது ஆண் மைனா.

"பாவம், அந்தப் பொண்ணு ஒண்ணும் பார்க்காமலே போகணுமா? நீங்க உள்ளே போய் வாயைத் திறந்துக்கிட்டு உட்காருங்க."

"நானா? மூணு பிள்ளைக்கு அப்பன் நான்."

"போங்கன்னா போங்க."

முணுமுணுத்தபடி உள்ளே போன ஆண் மைனா, புழு வந்ததும் குஞ்சு மாதிரியே கீச்சிட்டு வாயைப் பிளந்தது. கீழே ரெஜினாவின் முகம் மலர்ந்தது.

புழுவை விழுங்கிய ஆண் மைனா மெல்லக் கேட்டது: "அந்தப் பொண்ணு நாளைக்கும் வருமா?"