சுண்ணாம்புக் கோட்டுக்குக் கீழே

அண்ணன் முதல் கோப்பையைக் குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவதைக் கையில் எடுத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து எங்கள் பியர் கடைக்கு வந்த கூட்டம் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டது. முள்ளங்கி வைத்த ரொட்டியைக்கூட யாரும் கடிக்கவில்லை.

ஒரு கோப்பையில் இருந்தது அண்ணன் ஒடீல் பல பீப்பாய்களிலிருந்து எடுத்துக் கலந்து, இந்த வசந்தத்தில் பாட்டிலில் அடைத்த புளிப்பு பியர். இன்னொன்றில் எங்கள் நிலவறையில் வருடக்கணக்காகப் படுத்துக் கிடந்த பியர். எது எதில் என்பது எனக்கும், ஊற்றிக் கொடுத்த கமீலுக்கும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிற கமீல் பொய் சொல்ல மாட்டார் என்று அண்ணனே ஒப்புக்கொண்டிருந்தார்.

அண்ணன் நாக்கில் பழசு ஜெயித்தால் நிலவறை பிழைக்கும். புதுசு ஜெயித்தால் நாளைக் காலையில் அங்கே இருக்கும் அத்தனை பாட்டிலையும் கவிழ்த்துக் கழுவிப் புது பியர் நிரப்ப வேண்டும்.

பீப்பாயில் மூன்று வருடம் கிடந்தது போதாதா, பாட்டிலில் அடைத்த பிறகும் எதற்குத் தூங்கப்போடுகிறாய் என்பது அண்ணனின் வாதம். முட்டி வலியால் அவர் அந்தப் படிகளில் இறங்கியே பத்து வருடம் ஆகிறது. கீழே பாட்டில்களைப் படுக்கவைப்பதும், எது மேல்பக்கம் என்று தெரியச் சுண்ணாம்புக் கோடு இழுப்பதும் நான்தான். எங்கள் பாட்டில்களில் பெயர்ச்சீட்டு கிடையாது. அந்த வெள்ளைக் கோடுதான் எல்லாம்.

இரண்டாவதைக் குடிப்பதற்கு முன்னால் அண்ணன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"கிடந்தா எல்லாம் சரியாயிடும்பா எங்க தங்கச்சி லீவ். அவ முதமுதல்ல கலந்ததைப் பத்திக் கேளுங்க! கெட்டுப்போய் எண்ணெய் மாதிரி நூல் விட்டுச்சு. ரெண்டு வருஷம் பொறுத்தேன். அப்புறம் இருநூத்திப் பன்னிரண்டு பாட்டிலையும் மேல கொண்டுவரச் சொல்லி, எல்லாத்துலயும் நானே தாரால பெருக்கல் குறி போட்டு, கொண்டுபோய் உடைச்சு ஊத்துன்னேன். காலிப் பெட்டிய எண்ணிப் பாத்தப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு!"

கூட்டம் சிரித்தது. ஒன்பது வருடமாக இதே கதை, இதே சிரிப்பு. அதற்குப் பிறகு என்னைக் கலக்க விட்டதே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் குடித்தார்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இன்னொரு மடக்கு. கண்ணை மூடினார். வாய்க்குள் வைத்து உருட்டினார். விழுங்க மனமில்லாமல் விழுங்கினார்.

"இதுதான்" என்றார். "இது அப்பாவோட கைப்பக்குவம்."

அப்பா போய் இருபது வருடம். அண்ணன் கண் கலங்கியதை அதற்குப் பிறகு இன்றுதான் பார்த்தேன்.

கமீல் மேசையில் ஓங்கித் தட்டினார். "பழசு ஜெயிச்சிருச்சு!" ஊற்றும் கூடையில் படுத்திருந்த அந்தப் பழைய பாட்டிலின் மேலிருந்து துணியை உருவினார். "என்ன லீவ் இது, கோடு இழுக்கச் சொன்னா சுவருக்கே வெள்ளையடிச்ச மாதிரி அடிச்சு வச்சிருக்கே?"

ஆனால் என் அண்ணன் லேசில் விடுகிற ஆளா!

"சரி, அப்பா பாட்டில் மட்டும் இருந்துட்டுப் போகட்டும். மத்ததெல்லாம் நாளைக்குக் காலி. நல்லாக் கலந்தது, நல்லா இருக்கு. அவ்வளவுதான். கெட்டது கிடந்தா நல்லாயிடுமா, சொல்லு?"

அப்பாடா. இதைக் கேட்க வேண்டும் என்றுதானே ஒன்பது வருடமாகக் காத்திருந்தேன்.

துணியை வாளித் தண்ணீரில் நனைத்தேன். பாட்டிலை அசைக்காமல், அந்த அகலமான சுண்ணாம்புக் கோட்டைத் துடைத்தேன். வெள்ளை கரைந்து வழிந்தது.

அடியில் கறுப்பாகத் தார். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் ஒரு பெருக்கல் குறி. அண்ணன் எப்போதும் அப்படித்தான் போடுவார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் அந்தக் குறியை விரலால் தடவிப் பார்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார். அது போகவில்லை.

"கீழ எத்தனை கிடக்கு?" என்றார்.

"இருநூத்திப் பதினொண்ணு அண்ணே."

கமீல்தான் முதலில் கணக்குப் போட்டார். "அப்போ நீயே இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தொறந்து பாக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். தைரியம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் படியிறங்கிப் போவேன், ஒன்றைக் கையில் எடுப்பேன், திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுத்தமான கோப்பை ஒன்றை எடுத்தார். கூடையோடு பாட்டிலைச் சாய்த்து, அடிமண்டி கலங்காமல், மெதுவாக, விளிம்புவரை ஊற்றினார். பிறகு இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார்.

"குடி" என்றார். "நீ கலந்தது."