சாரல் காலத்துப் பை

"யாராவது ஒருத்தர் இறங்குங்கப்பா, ஜிப் மூடமாட்டேங்குது" என்று முனகியது கட்டில் மேலிருந்த பயணப் பை.

பழைய ஈரிழைத் துண்டு, பக்கத்தில் உப்பிக்கொண்டு கிடந்த புது டர்க்கி டவலைப் பார்த்தது. சாரல் தொடங்கினால் அருவிக்குப் போவது இத்தனை வருஷமும் துண்டுதான்.

"அங்கே என்னத்தைப் பார்க்கப் போறே தம்பி? ஒரே கூட்டம். வரிசையில நிக்கணும். தலையை நனைக்கிறதுக்குள்ளே போலீஸ்காரர் விசில் ஊதிடுவாரு. காலடியில ஷாம்பு நுரையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான்."

டவல் இறங்கத் தயாரானது. "அப்புறம் ஏண்ணே நீங்க மட்டும் வருஷா வருஷம் ஓடுறீங்க?"

துண்டுக்குப் பொய் வரவில்லை.

"அருவியில தடுப்புக் கம்பி போடாத காலத்துலேயே போனவன்டா நான். அந்த இரைச்சலுக்குள்ளே நுழைஞ்சா வேற ஒண்ணும் கேக்காது. திரும்புறப்போ வேன் ஜன்னல்ல கட்டிவிடுவாங்க. வழியெல்லாம் தென்னந்தோப்பு, குளிர்ந்த காத்து. வீடு வர்றதுக்குள்ளே காஞ்சிடுவேன். இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கக் கூடாதான்னு தோணும்."

"நான் லேசுல காயமாட்டேண்ணே!" என்றது டவல்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்குமாண்ணே?" என்று டவல் கேட்டுக்கொண்டிருக்கையில், துண்டு பையின் விளிம்பைத் தாண்டிக் கட்டிலுக்கடியில் நழுவியது.