அரை நிமிடத் துடிப்பு

யூனிஃபார்ம் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தான் அவன். பல் டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"முப்பத்திரண்டும் முழுசா இருக்கு டிரைவர் சார். பழைய கார்டுல என்னடான்னா, கடைவாய்ப் பல் ரெண்டு பிடுங்கினதா எழுதியிருக்கு. எனக்கு முன்னாடி இருந்தவர் யாரோடதையோ உங்க கார்டுல எழுதிட்டார் போல."

அந்த வரியை அவரே அடித்துவிட்டார்.

பஸ் டிப்போவுக்கு எதிரில் இருந்த கிளினிக் அது. இதய டாக்டரிடம் போ என்றால் நழுவுகிற டிரைவர்கள், பல் வலி என்றால் மட்டும் ஓடி வருகிறார்கள். அதனால் வருடாந்தரச் சோதனையில் இரண்டையும் இங்கேயே முடிக்கச் சொல்லியிருந்தது நிர்வாகம்.

"இதை ரெண்டு கட்டை விரலாலயும் பிடிங்க. அரை நிமிஷம் பேசாம இருக்கணும்."

சோப்புக்கட்டி அளவே இருந்த இதயத் துடிப்புக் கருவியை அவன் அலட்சியமாகப் பிடித்தான். திரையில் கோடு ஓட ஓட, டாக்டரின் புருவம் சுருங்கியது.

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன டாக்டர் பயம்?"

"அப்ப இன்னொரு தடவை பிடிங்க."

மூன்று தடவை பிடிக்க வைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் அருகில் உட்கார்ந்தார்.

"துடிப்பு தாறுமாறா இருக்கு. இப்படியே விட்டா ரத்தம் உள்ளேயே உறைஞ்சு மூளைக்குப் போயிடும். ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. மருந்துல கட்டுப்படுத்தலாம்."

"மெஷின் பழசா டாக்டர்?"

"போன மாசம் வாங்கினது."

"தினமும் காலைல ஓடுறேன். வாலிபால் ஆடுறேன். எனக்கெல்லாம் எப்படி வரும்?"

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் இதையேதான் சொல்றாங்க."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நெற்றி வேர்த்திருந்தது.

"டாக்டர், ஒரு உண்மையைச் சொல்லிடுறேன்..."

டாக்டர் கேட்கிற நிலையில் இல்லை. போனில் டிப்போ மேனேஜர் கிடைத்துவிட்டார். பெயர், டிரைவர் நம்பர், துடிப்பின் லட்சணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வைத்தார்.

"நாற்பது உயிரை ஏத்திக்கிட்டுப் போற வேலை. சொல்லாம இருக்க முடியாது, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கடிதத்தோட இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

கடிதத்தை வாங்கிக்கொண்டு, நெஞ்சில் ஒரு கையை வைத்தபடியே அவன் படி இறங்கினான். அங்கே ஒன்று அடித்துக்கொண்டிருக்கிறது என்பதையே இன்றுதான் கவனிப்பவன் போல, ஒவ்வொரு படியிலும் நின்றான்.

பஸ் ஸ்டாப்பில் காத்திருந்த அக்கா வீட்டுக்காரர் பாதிச் சாலையிலேயே எதிர்கொண்டார்.

"என்ன மச்சான், என் பேர்ல சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்களா?"

"இனி நீங்க பஸ் ஓட்டக்கூடாதாம் அத்தான். ஆஸ்பத்திரிக்கு நான் போகணுமாம்."