முன்விளக்கு

திண்டுக்கல் சந்தைத் திடலில் தோல் வியாபாரி அப்துல் வாஹித் தன் காரைப் பின்னால் எடுத்தபோது லேசாக எதிலோ இடித்தது. இறங்கிப் பார்த்தார். பின்னால் நின்ற காரின் முன்விளக்கு உடைந்திருந்தது.

அதன் சொந்தக்காரர் சோலைமுத்து பக்கத்திலேயே நின்றிருந்தார். தோட்டம் துரவு உள்ள பெரிய மனிதர்.

"மன்னிச்சிருங்க. புதுசு மாத்தித் தந்துர்றேன்" என்றார் வாஹித்.

"அதெல்லாம் வேணாம் பாய். ஏட்டையாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்."

இவ்வளவு நல்லவரா என்று வாஹித் நெகிழ்ந்துபோனார். சோலைமுத்தே போய் ஏட்டைக் கூட்டி வந்தார்.

ஏட்டு விளக்கை உற்றுப் பார்த்தார். "இதை ஒடச்சது நீங்கதானா பாய்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நாந்தாங்க. தப்பு எம்மேலதான்."

"அப்ப நான் வாரேன்" என்று சோலைமுத்து உடனே காரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கார் மறைந்ததும் ஏட்டு பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை, நீங்க சொன்னீக. காலையில அகரம் ரோட்டுல பூக்காரம்மா ஒருத்திய ஒரு கார் அடிச்சுக் கொன்னுட்டு நிக்காமப் போயிருச்சு. அந்த எடம் பூரா லைட்டுக் கண்ணாடி செதறிக் கெடந்துச்சு. இவரு வண்டியோன்னு சந்தேகப்பட்டுட்டேன்."

வாஹித் தன் கார் இடித்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

தரையில் ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை.