பழைய ஜீன் நம்பர்

ஜூன் பதினொன்றாம் தேதி காலை, மருத்துவமனையின் நரம்பியல் துறைத் தலைவர் அறையில், ஐந்து வயதுச் சிறுமியின் வலிப்புக்கு மருந்து கிடையாது என்று அவள் அம்மாவிடம் சொல்லப்பட்டது.

"மரபணு டெஸ்ட் ரிப்போர்ட்ல, கோளாறான ஜீனுக்குப் போட்டிருக்கற நம்பரை டேட்டாபேஸ்ல போட்டுப் பாத்தாச்சும்மா. அதைப் பத்தி யாருக்கும் எதுவும் தெரியல," என்றார் தலைவர்.

"நானும் போட்டுப் பாத்தேன் டாக்டர். அது பழைய நம்பராம், அந்த ஜீனுக்கு இப்ப வேற நம்பர் குடுத்துட்டாங்களாம். புது நம்பர் அங்கேயே கீழ இருக்கு. அதைத் தட்டினா, ஒரு வைட்டமின் மாத்திரையில இந்த வலிப்பு நிக்குதுன்னு கட்டுரை வருது."

"நெட்ல கண்டவன் எழுதறதைப் படிச்சுட்டு வந்து எனக்கே பாடம் எடுக்காதீங்க."

"என் பொண்ணு தினமும் சுருண்டு விழறா. இன்னொரு தட்டு தட்டிப் பாக்க உங்களுக்கு விரல் வலிச்சுதா?"

"எழுதினவனுக்கு வைத்தியம் தெரியுமோ, தெரியாதோ. யாரு கண்டா?"

அம்மா கைப்பேசியை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எழுதினவங்க பேரை நீங்களே படிங்க."

படித்தார். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் அவருடைய உதவி மருத்துவருடையது. அடுத்த அறையிலிருந்த உதவி மருத்துவரைக் கூப்பிட்டார்.

"இதை எப்பய்யா எழுதினோம்?"

"போன வருஷம் நான் எழுதினேன் சார். துறையிலேருந்து எது வெளிய போனாலும் உங்க பேர்தான் முதல்ல வரணும்னு சொல்லியிருக்கீங்களே."

அன்று பகலே உதவி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டின் தலைப்பில் துறைத் தலைவரின் பெயர் அச்சாகியிருந்தது.