ஒன்பது மணி லொறி

"பாரு, இன்னைக்கும் எறங்கிட்டாங்க! ஒன் பைக்கால என் வேலைக்கே வெட்டு விழுந்துரும்டா!"

மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சிவசாமி கத்திய கத்தலில், திருகாணியைத் திருகிக்கொண்டிருந்த ஜீவராஜ் நிமிர்ந்தான். ஏழாம் நம்பர் மலையிலிருந்து நாற்பது பெண்கள் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் லொறியைக் காணோம். மணி ஒன்பதுதான், லொறி பத்துக்குத்தான் வரும்.

குற்றவாளி லயத்து வீட்டு வாசலில் நின்ற ஜீவராஜின் மோட்டார் சைக்கிள். அட்டன் டவுனில் மக்பூல் நானாவின் கடையில் பெரிய கார்பரேட்டரும் வாய் அகன்ற சைலன்சரும் வாங்கி மாட்டியதிலிருந்து, அது நின்ற இடத்திலேயே மேடேறும் லொறி மாதிரி உறுமியது. லொறிச் சத்தம் கேட்டால் கூடையோடு இறங்குவது தோட்டத்துப் பழக்கம். பாவம், மூன்று நாளாக ஏமாந்துகொண்டிருந்தார்கள்.

லொறியைக் காணாமல் "அட கடவுளே!" என்று எல்லோரும் மடுவத்தில் சாய்ந்தார்கள். வந்தது வந்தாயிற்று என்று ரொட்டியைப் பிட்டுக்கொண்டு, மூலை அடுப்பில் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை ஊற்றிக் குடித்தார்கள். மறுபடி மலையேற முக்கால் மணி நேரம் ஆனது. போகிற போக்கில், அவர்களில் மூத்தவளான வீரம்மா ஜீவராஜை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"நாளைக்கும் இவங்க எறங்கினா, ஒன் பைக்கு தோட்டத்துக்குள்ளயே இருக்காது," என்றார் சிவசாமி.

ஜீவராஜுக்கு ஞாயிற்றுக்கிழமை நோட்டன் பிரிட்ஜ் மேட்டில் பைக் பந்தயம். வண்டியை வேறு எங்கே வைத்து டியூன் பண்ணுவது? இரண்டு வருஷம் கடைசியில் வந்தவன், மூன்றாம் தடவையும் ஊர் சிரிக்க அவனுக்கு மனமில்லை.

பிளக்கைக் கழற்றினான். முனை அடுப்புச் சட்டி மாதிரிக் கறுத்திருந்தது. எஞ்சின் பெட்ரோலை அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டுத்தான் இப்படி உறுமுகிறது என்று பிடிபட்டது. கார்பரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டை ஒரு நம்பர் சின்னதாக மாற்றினான். காற்றுத் திருகாணியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்து பார்த்தான். சைலன்சருக்குள் ஓர் உள்குழாயைச் சொருகினான், பந்தயத்தன்று உருவிக்கொள்ளலாம். பொழுது சாய்வதற்குள் பிளக்கின் கறுப்பு போய், சரியான பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிக்கரை உதைத்தான். வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடியது. மலையில் ஒரு கூடைகூட அசையவில்லை.

"கெட்டிக்காரன்டா நீ!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார் சிவசாமி. ஜீவராஜுக்குப் பந்தயத்தில் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

மத்தியானம் வீரம்மா ஏழெட்டுப் பெண்களோடு வாசலில் வந்து நின்றாள். யார் முகத்திலும் சிரிப்பில்லை.

"இனி பயமில்லக்கா, லொறின்னு நெனைச்சு ஏமாற வேண்டியதில்ல," என்றான் ஜீவராஜ் பெருமையாக.

வீரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருபத்திரெண்டு வருஷமா லொறிச் சத்தம் கேக்குறவளுகளுக்கு பைக்குச் சத்தம் தெரியாதா? நாங்க கொஞ்சம் ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கிறதுக்கு இருந்தது அந்தச் சத்தம் ஒண்ணுதான்."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"அதையும் ரிப்பேர் பண்ணிட்டியேடா, படுபாவி!"