கட்டெறும்பு மேடம்

"ஆ!"

பாக்யலட்சுமி போட்ட கூச்சல்ல தையல் லைன் மொத்தமும் திரும்பிப் பார்த்துச்சு.

பக்கத்துல சூப்பர்வைசர் நசீமுன்னிசா மேடம். பாக்யாவோட இடது கை சுண்டு விரல் ஓரமா நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளிட்டு நிக்கறாங்க.

"எந்த ஊர்ல இருக்கே? கனவா நிஜமான்னு இப்போ தெரியுதா? தைடி!"

ஆம்பூர்ல அந்த ஷூ கம்பெனியில இது தினசரிக் கூத்து. எவளாவது கொஞ்சம் சொக்கினா போதும், சுண்டு விரல் ஓரமா கிள்ளு. சொக்காதவளுக்கும் விழும். அதனால பொண்ணுங்க வெச்ச பேரு, கட்டெறும்பு. கிள்றது வலது கையால. இடது கை எப்பவும் துப்பட்டாவுக்குள்ளதான். அப்படி ஒரு மிதப்பு!

"அது இன்னா பழக்கம்? பெத்த தாயி கூட நம்மள இப்படிக் கிள்ளினதில்ல"ன்னு பொரிஞ்சு தள்ளினா அடுத்த மெஷின் அமிர்தவள்ளி.

பாக்யா சிரிச்சுக்கிட்டா. தை மாசம் கல்யாணம். வேலைக்குப் போற பொண்ணுன்னுதான் நெமிலி ஊர் மாப்பிள்ளை வீட்டுல சரின்னாங்க. கல்யாணப் பொண்ணு கனவு காணாம வேற யாரு காண்பாங்க, சொல்லுங்க?

அவளுக்கு மெஷின் சத்தமே தாலாட்டு. கண்ணு திறந்திருக்கும், கை தோலைத் தள்ளிட்டே இருக்கும், ஆனா அவ பாலாத்து மணல்ல நடந்துட்டிருப்பா. நிலா வெளிச்சம், கூடவே அவரு. எவ்வளவு நடந்தாலும் கால் வலிக்காது.

நடுவுல மேடம் மகளோட பிரசவத்துக்குன்னு ஒரு மாசம் லீவுல போனாங்க. லைனுக்கே தீபாவளி. பாக்யா ஆசை தீரக் கனவு கண்டா. கனவுல ஒரு வேடிக்கை சேர்ந்துக்கிச்சு. இடது கையோட கடைசி ரெண்டு விரலும் தனியா இறங்கிப் போய் மணல்ல சுருண்டு படுத்துக்கும். இவ கூப்பிட்டா எழுந்திரிக்காது. அதுவும் அழகாத்தான் இருந்துச்சு.

ஒரு நாள் அமிர்தவள்ளி அலறினா. "அடியே, ரத்தம்!"

மெஷின் ஊசி பாக்யாவோட சுண்டு விரல்ல ஏறி இறங்கியிருக்கு. இவ சாவகாசமா விரலைத் தூக்கிப் பார்த்தா.

"வலிக்கவே இல்லக்கா."

"வலிக்கலையா? கை காய்ச்சுப் போச்சுடி! இனிமே நீ கைதேர்ந்த தையல்காரி!"

அந்த லைன்ல அது ஒரு வழக்கம். ஊசி குத்தி வலிக்கலைன்னா எல்லாரும் எழுந்து கை தட்டுவாங்க. தட்டினாங்க. பாக்யாவுக்குப் பெருமை தாங்கல.

மேடம் திரும்பி வந்தாங்க. மறுபடியும் கிள்ளு.

பாக்யா துள்ளல. தைச்சுக்கிட்டே இருந்தா.

மேடம் இன்னும் அழுத்திக் கிள்ளினாங்க. நகம் பதிஞ்சுச்சு. பாக்யா உதட்டுல கனவுச் சிரிப்பு அப்படியே இருந்துச்சு.

மேடத்துக்கு முகம் வெளுத்துப் போச்சு. அடுத்த நிமிஷம் கூரை அதிர ஒரு கத்தல்.

"எழுந்திரு! தூங்குமூஞ்சி! உனக்கு இந்த மெஷின் கிடையாது, நட வெளியே!"

கையைப் பிடிச்சு இழுத்துட்டே போனாங்க.

"பாவி! கல்யாணப் பொண்ணு வயித்துல அடிக்கிறாளே! நல்லா இருப்பாளா இவ?"ன்னு அமிர்தவள்ளி வாய்விட்டே சபிச்சா.

ஆட்டோவுல பாக்யா அழுதுக்கிட்டே வந்தா. "இனிமே கனவே காண மாட்டேன் மேடம். வேலை போச்சுன்னா கல்யாணம் நின்னுடும் மேடம்."

மேடம் டிரைவருக்கு வழி சொல்லிட்டே வந்தாங்க. ஆட்டோ ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு.

டாக்டர் ஹேமலதா ஒரு துளி பஞ்சை எடுத்தாங்க. "கண்ணை மூடிக்கோம்மா. நான் கையில தொடறப்பல்லாம் சொல்லு."

பாக்யா கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் காத்திருந்தா.

"எப்போ டாக்டர் தொடப் போறீங்க?"

"இவ்வளவு நேரமா தொட்டுட்டுதாம்மா இருக்கேன்."

பாக்யா சட்டுன்னு கண்ணைத் திறந்தா. பஞ்சு அவ சுண்டு விரல் மேலதான் இருந்துச்சு.

டாக்டர் அவ முழங்கையோட உள்பக்கத்தைத் தடவிக் காட்டினாங்க. "இங்க தோலுக்குக் கீழ ஒரு நரம்பு ஓடுது. சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் உணர்ச்சி தர்றது இதுதான். விரலை நீட்டி மடக்குற தசைக்கு உத்தரவு போறதும் இது வழியாத்தான். உன் கை காய்க்கலம்மா. நரம்பு வீங்கியிருக்கு. தொழுநோய் ஆரம்பம். பயப்படாதே. மாத்திரை சாப்பிட்டா குணமாயிடும். விட்டிருந்தா தசை செத்து, விரல் மடங்கிப் போயிருக்கும். நல்ல நேரத்துல வந்தே. வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வா, பார்த்துடலாம்."

வெளிய வேப்ப மரத்தடியில பாக்யா உக்காந்துட்டா. "லைன்ல தெரிஞ்சா என் கதி என்ன மேடம்?"

"எப்படித் தெரியும்? தூங்கினதுக்கு நான் துரத்தினேன்னுதான் பேசுவாங்க. அதுக்குத்தானே அப்படிக் கத்தினேன்! நாளையிலேர்ந்து செக்கிங்ல உக்காரு, அங்க ஊசி கிடையாது. உன் வீட்டுக்காரர் ஆகப் போறவர்கிட்ட மட்டும் மறைக்காதே. நானும் கூட வந்து பேசறேன்."

பாக்யா கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "இதுக்குத்தான் எங்க எல்லாரையும் கிள்ளினீங்களா? சொல்லிட்டே கிள்ளியிருக்கலாமேக்கா!"

"சொன்னா எவ கையை நீட்டுவா? நோயின்னதுமே ஓடிடுவீங்க."

"உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

நசீமுன்னிசா இடது கையைத் துப்பட்டாவுலேர்ந்து மெல்ல வெளிய எடுத்தாங்க. கடைசி ரெண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக் கிடந்துச்சு.

"உன் வயசுல எனக்கும் ஊசி ஏறிச்சு, வலிக்கல. லைன் மொத்தமும் எழுந்து கை தட்டினாங்க பாக்யா. கிள்ளிப் பார்க்கத்தான் ஒருத்தியும் இல்ல."